ஆட்டைத் தோலுரித்த பிறகு மனம் உறுத்தினால்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே என் கைத்தொலைபேசி அலறத் தொடங்கிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இறைச்சிப் பரிசோதனைப் பணியில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் என்பது சுற்றுவட்டாரத் தோட்டங்கள் அனைத்துக்கும் தெரியும். ஓய்வு பெற்றது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. "ஐயா, படம் அனுப்பியிருக்கிறேன். ஈரலில் என்னவோ இருந்தது. கறியைச் சமைக்கலாமா?" படத்தைத் திறந்தால் ஓர் அலுமினியத் தாம்பாளம் நிறையக் கழுவி வெட்டிய துண்டுகள். ஈரல் எங்கே என்று கேட்டால், "அதை நாய்க்குப் போட்டுவிட்டோம்."

துண்டுகளை மட்டும் பார்த்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆட்டின் நோய் தொடையில் எழுதியிருக்காது. ஈரலிலும் நுரையீரலிலும் மண்ணீரலிலும் நெறிகளிலும்தான் (நிணநீர்க் கணுக்கள்) எழுதியிருக்கும். அவற்றை எறிந்துவிட்டுக் கறியைக் காட்டுவது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவர் சட்டையை மருத்துவரிடம் கொண்டுபோவது போன்றது.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. தலை, மூச்சுக்குழலோடு சேர்ந்த ஈரல்-நுரையீரல்-இதயக் கொத்து, மண்ணீரல் (சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதுதான்), குடல் எல்லாம் தொங்கும் உடலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்) முதுகோடு ஒட்டியபடியே இருக்கட்டும். எதையும் கழுவ வேண்டாம். நாயைக் கட்டிப்போடுங்கள். பார்த்து முடிந்த பிறகுதான் துண்டு போடும் வேலை.

கையுறை கட்டாயம். 1999 மார்ச்சில் சிங்கப்பூர் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் பதினொரு பேரை நிப்பா வைரஸ் பிடித்தது, ஒருவர் இறந்தார். அவர்கள் கையாண்டது நம் நாட்டிலிருந்து போன பன்றிகளை. ஆட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். விலங்கின் ரத்தம் கையிலுள்ள கீறலைத் தேடி வரும், அவ்வளவுதான்.

வெட்டும் முன்பே ஆடு சோர்ந்து நிற்கிறது

பெரும்பாலும் லாரிக் களைப்பு. நிழலில் கட்டித் தண்ணீர் காட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அசைபோட்டுக்கொண்டு நின்றால் கவலை தீர்ந்தது.

அப்படியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 பாகை வரை இயல்பு. நண்பகல் வெயிலில் கொஞ்சம் கூடும். நிழலில் நின்ற பிறகும் 40.5 காட்டினால் வெட்டாதீர்கள். காய்ச்சலோடு வெட்டிய ஆட்டின் இறைச்சியில் ரத்தம் தங்கும், சீக்கிரம் கெடும். விற்றவரிடம் இன்னொரு கேள்வி: கடைசியாக என்ன ஊசி போட்டீர்கள், எப்போது? மருந்துப் புட்டியில் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நாள் கடக்காவிட்டால் ஆட்டை மாற்றுங்கள்.

உதட்டில் மட்டும் கருகிய பொருக்கு என்றால் அது வாய்ப்புண் நோயாக இருக்கலாம். ஆடு தானே தேறும். உங்கள் விரலில் ஒட்டினால்தான் வாரக்கணக்கில் தொல்லை. எச்சில் ஒழுகி, நொண்டி, குளம்பிடுக்கில் கொப்புளம் இருந்தால் கோமாரியைச் சந்தேகியுங்கள். ஆட்டை அங்கிருந்து நகர்த்தாமல் கால்நடை அலுவலகத்தை அழைக்க வேண்டும்.

நேற்று நன்றாக இருந்த ஆடு திடீரென்று செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் கசிகிறது என்றால் கத்தியைக் கீழே வையுங்கள். அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். என் பணிக்காலத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த உடலைத் திறந்தால் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும். தோலைக்கூட உரிக்கக் கூடாது.

கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். அதில் பாதி, கொட்டகையில் எரியும் மஞ்சள் விளக்கின் குற்றம். முதலில் உடலைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வெளிச்சத்திலும் மஞ்சள்தானா? மாட்டிறைச்சியாக இருந்தால் பதற வேண்டாம். புல் தின்ற கிழப்பசுவின் கொழுப்பு மஞ்சளாக இருப்பது இயல்பு. ஆட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. புல்லில் உள்ள மஞ்சள் நிறமியை ஆடு முழுவதுமாக மாற்றிவிடும் என்பதால் அதன் கொழுப்பு வெண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, இயல்பாகவே வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களைப் பாருங்கள். கண்ணின் வெண்பகுதி. முழங்கால் மூட்டைத் திறந்தால் தெரியும் பளபளப்பான குருத்தெலும்பு. பின்னங்கால் நரம்பு. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயைக் கத்தரித்தால் அதன் உட்சுவர். கொழுப்பு மட்டும் லேசாக மஞ்சள், இந்த நான்கும் வெள்ளை என்றால் உடலைக் குளிரில் தொங்கவிட்டு இருபத்துநான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மங்கி மறைந்தால் சாப்பிடலாம். நான்கும் மஞ்சள் என்றால் அது காமாலை. முழு உடலும் கழிவு. மஞ்சள் தூள் போட்டுச் சமைத்தால் தெரியாது என்று ஒருவர் எனக்கே யோசனை சொன்னார். தெரியாதுதான்.

காமாலை என்று தெரிந்த பிறகும் ஏன் என்று பார்ப்பது நல்லது. மந்தையில் மிச்சமிருக்கும் ஆடுகளுக்காக. ஈரலின் பித்தக் குழாயில் புழு அடைத்திருக்கிறதா? உண்ணி கடித்து ரத்தச் சோகை வந்த ஆடா? இரண்டும் இல்லையென்றால் குண்டிக்காயையும் சிறுநீர்ப்பையையும் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத் திருமணத்துக்கு வாங்கிய செம்மறிக்கிடா ஒன்றை எனக்குக் காட்டினார்கள். கொழுப்பு எலுமிச்சை நிறம். குண்டிக்காய் இரண்டும் புதுத் தார் போலக் கறுத்து நீலம் பூத்திருந்தன. சிறுநீர்ப்பையைக் கீறினேன், கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறத்தில் வழிந்தது. என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டேன். "பிண்ணாக்குத்தான் ஐயா, ஆலையிலிருந்து மலிவாகக் கிடைத்தது."

செம்பனை (எண்ணெய்ப்பனை) விதைப் பிண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. லாரிப் பயணம் போன்ற ஓர் அதிர்ச்சி வந்ததும் ஈரல் அத்தனையையும் ரத்தத்தில் கொட்டிவிடும். அதனால்தான் சந்தையில் கொழுகொழுவென்று நின்ற கிடா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மஞ்சளாகிறது. செம்பனைக் காட்டுக்கு நடுவே வாழும் நமக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கறுத்த குண்டிக்காயும் காமாலையும் சேர்ந்து எலிக் காய்ச்சலிலும் வரலாம். அது சிறுநீர் வழியாக மனிதனைப் பிடிக்கும். எது என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அலுவலகத்தை அழையுங்கள். சிறுநீர் தெறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கழுத்திலோ சப்பையிலோ கட்டி, உள்ளே சீழ்

இங்கே அவசரப்படாதீர்கள். கட்டியைக் கத்தியால் குத்திப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை முதலில் விட வேண்டும். குத்தினால் சீழ் கறியெல்லாம் பரவும்.

ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டியா என்று பாருங்கள். பெரும்பாலும் கழுத்துத் தசையிலோ பின்தொடையிலோ ஒற்றைக் கட்டியாக இருக்கும். சுற்றிலும் ஒரு விரல் அகலம் நல்ல சதையோடு சேர்த்து உடையாமல் எடுத்து எறிந்தால் போதும்.

அடுத்தது நெறிக்கட்டி, ஆடுகளுக்கு அடிக்கடி வருவது. காதுக்குக் கீழே, தோளுக்கு முன்னே, அடிவயிறு தொடையைச் சேரும் மடிப்பில் விரல்களால் உருட்டிப் பாருங்கள். நல்ல ஆட்டில் தோள் நெறி ஒரு பாதாம் பருப்பு அளவில், மெத்தென்று, விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். நோய் வந்தால் பலாக்கொட்டை அளவு, சில சமயம் எலுமிச்சை அளவு, கல் போல. உள்ளே இருப்பது பச்சை கலந்த வெண்சீழ், பற்பசை போலக் கெட்டியாக. பழைய கட்டியாக இருந்தால் வெங்காயத்தை வெட்டினாற்போல வளையம் வளையமாக இருக்கும்.

நெறி ஒன்றில் மட்டும் இருக்கிறது, ஆடு கொழுமையாக இருக்கிறது, உள்ளுறுப்புகள் சுத்தம். அப்படியானால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். நெறிகள் பலவற்றில் இருக்கிறது, ஆடும் மெலிந்திருக்கிறது என்றால் முழுதும் கழிவு.

இனி முக்கியமானது. சுவரொட்டியைக் கையில் எடுத்து இரு பக்கமும் தடவுங்கள். நுரையீரலை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே போங்கள். ஈரலின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சீழ்க்கட்டிகள் இருந்தால், குறிப்பாகச் சுவரொட்டியில் இருந்தால், இது வெறும் நெறிக்கட்டி என்று முடிவு கட்டாதீர்கள். மெலியோய்டோசிஸ் ஆக இருக்கலாம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. மழைக்காலத்தில் கொட்டகை நனைந்த மந்தைகளில் தலைகாட்டும். 1912இல் ரங்கூனில் இதை முதலில் விவரித்த இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி. அடுத்த ஆண்டே கோலாலம்பூர் ஆய்வுக்கூட விலங்குகளிடம் இது தோன்றியது. அதாவது வெகுநாளாக நம்மோடு இருக்கும் நோய்.

இது யாரைக் கடுமையாகப் பிடிக்கும் தெரியுமா? நீரிழிவுக்காரர்களை. கறி வெட்ட உட்காரும் நம் ஆண்களில் எத்தனை பேர் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர் இந்த ஆட்டை விட்டு எழுந்துவிட வேண்டும். மற்றவர்களும் அதற்கு மேல் வெட்டக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும். நான் முப்பது ஆண்டு பார்த்தாலும் கண்ணால் சொல்ல மாட்டேன். சுவரொட்டியில் கட்டி அல்லது இரண்டு உறுப்புகளில் கட்டி: அதுவே நிறுத்தும் எல்லை. பின்னர் ஒரு மாதத்துக்குள் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்த ஆட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

வெட்டும்போது மணல் நெருநெருப்பதுபோல் கத்தியில் உரசும் கட்டி காசநோயாகவும் இருக்கலாம். அதற்கும் இதே எல்லைதான்.

ஈரலில் கோடு, புழு, நீர்ப்பை

மேலே சில வெண்தழும்புகள் மட்டும்: சீவி எறிந்துவிட்டு மீதியைச் சமையுங்கள்.

பித்தக் குழாய்கள் தடித்து வெள்ளைக் கயிறு போலத் தெரிகின்றனவா? ஒன்றைக் குறுக்கே வெட்டி அழுத்துங்கள். இலை போல் தட்டையான புழு நழுவி வரும். ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம். வாய்க்கால் ஓரத்து ஈரப்புல்லில் மேய்ந்த ஆடு. ஈரல் முழுதும் கழிவு, கறிக்குக் குறைவில்லை. அந்த ஈரலைத் தின்பதால் நமக்கு இந்தப் புழு வராது. அதே வாய்க்காலில் பறித்த கீரையைப் பச்சையாகத் தின்றால்தான் வரும். இதை நம்ப மறுப்பவர்கள் அநேகர்.

கொழுப்பு வலையிலோ ஈரல் ஓரத்திலோ மெல்லிய பையில் தெளிந்த நீர் தொங்குகிறது, உள்ளே அரிசி அளவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்றால் அது நாயின் குடல் நாடாப்புழுவுடைய குஞ்சு. பையோடு அகற்றிவிட்டுக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் அதைத் தின்றால் புழு அதன் குடலில் வளரும், முட்டை புல்லில் விழும், ஆடு மேயும், அடுத்த ஆண்டு எனக்கு மறுபடியும் படம் வரும்.

பை தடித்த சுவரோடு ஈரலுக்குள்ளேயே புதைந்திருந்தால் உடைக்காதீர்கள். அந்த வகைப் புழு, நாய் வழியாக மனிதனுக்கும் வரக்கூடியது. அப்படியே வைத்துவிட்டு அழையுங்கள்.

நுரையீரல் விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

பழைய சளிக் காய்ச்சலின் தழும்பு. காற்றடைத்த பஞ்சு போலிருக்க வேண்டிய நுரையீரல் ஈரல் போலக் கெட்டியாகியிருக்கும். நுரையீரலை எறியுங்கள், ஒட்டிய சவ்வை உரித்துவிடுங்கள். விலாக்கூட்டில் நாற்றமோ சீழ்நீரோ தேங்கியிருந்தால் முழு உடலும் போய்விட்டது.

கறி கருஞ்சிவப்பு, ரத்தம் வடியவில்லை

விலா எலும்புகளுக்கு நடுவே உட்பக்கம் பாருங்கள். சிறு ரத்தக் குழாய்கள் நீலக் கோடுகளாகப் புடைத்துத் தெரிந்தால் ரத்தம் சரியாக வடியவில்லை.

கழுத்துக் குழாய்கள் இரு பக்கமும் முழுதாக அறுபடாமல் போயிருக்கலாம். அல்லது துரத்திப் பிடித்து, களைத்த நிலையிலேயே அறுத்திருக்கலாம். இப்படி என்றால் சாப்பிடலாம், ஆனால் அன்றே சமைக்க வேண்டும், வைத்திருந்தால் கெடும். உள்ளுறுப்புகளும் வீங்கிச் சிவந்திருந்தால் ஆட்டுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது, கழிவு.

மூன்றாவதும் உண்டு, சொல்லவே கூசுகிறது: செத்த ஆட்டை அறுத்து விற்பது. "பண்டிகை நெருக்கடி அண்ணே, உரித்தே தருகிறேன், இருநூறு வெள்ளி குறைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கழுத்து வெட்டைப் பாருங்கள். உயிரோடு அறுத்த ஆட்டின் வெட்டு விளிம்பில் ரத்தம் ஊறிச் சதை சற்றுச் சுருங்கியிருக்கும். செத்த பின் அறுத்தது துணி கத்தரித்தாற்போல வெளிறி நேராக இருக்கும். பின்னர் இரண்டு குண்டிக்காய்களையும் ஒப்பிடுங்கள். செத்துக் கிடந்த பக்கத்தில் ரத்தம் இறங்கி அந்தப் பக்கத்துக் குண்டிக்காயும் விலாவும் கறுத்திருக்கும். தலையும் உள்ளுறுப்பும் இல்லாமல் வெறும் உடலாகக் கொடுத்தால், பரிசோதனை முத்திரையும் இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அவை ஏன் இல்லை என்பதுதான் கேள்வியே.

கறி நீர் கோத்து, கொழுப்பு கூழாக இருக்கிறது

ஒல்லியான ஆடு வேறு, உருகிய ஆடு வேறு. குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பை விரலால் தொடுங்கள். கொஞ்சமே இருந்தாலும் வெள்ளையாக, இறுகியிருந்தால் அது வெறும் ஒல்லி, சாப்பிடலாம். கடற்பாசி இனிப்பைப் போலத் தளதளவென்று ஆடினால், கறியும் வெளிறிச் சொதசொதத்தால் நோய் உருக்கியது. பெரும்பாலும் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழு. நான்காம் இரைப்பையைத் திறந்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் துண்டுகளைப் போலக் கிடக்கும். உயிரோடு இருந்தபோதே தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்கியிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். சந்தேகமிருந்தால் ஓர் இரவு குளிரில் தொங்கவிடுங்கள். மறுநாளும் உலராமல் நீர் வடிந்தால் கழிவு.

கறியில் நாற்றம்

பொலிகிடா என்றால் தோலைப் பிடித்த கையாலேயே கறியைத் தொட்டிருப்பீர்கள். மேற்பரப்பைச் சீவினால் போகும். குடல் கிழிந்து சாணம் பட்டிருந்தாலும் சீவுங்கள். தண்ணீர் ஊற்றினால் ஓரிடத்து அழுக்கு உடல் முழுக்கப் பரவும்.

சீவிய பிறகும் இருந்தால் கொதி சோதனை. ஒரு துண்டுக் கறியும் கொஞ்சம் கொழுப்பும், உப்பு மசாலா எதுவுமின்றி, மூடிய சட்டியில் கொதிக்க விடுங்கள். கொதி வந்த கணத்தில் மூடியைத் திறந்து முகருங்கள். புகைபிடிக்காத ஒருவர் முகர்வது நல்லது. எங்கள் வீட்டில் அது என் மனைவி, அவருக்கு என்னைவிடத் துல்லியம். கிடா வாடை மட்டும் என்றால் சமைக்கலாம். சிறுநீர் வாடை என்றால் அடைப்பு: தீவனம் மட்டுமே தின்று கொழுத்த கிடாவுக்கு நீர்க்குழாயில் கல் அடைத்து, பை உடைந்து, உடலெங்கும் ஊறியிருக்கும். மருந்து வாடையும் அப்படியே. இரண்டுக்கும் பரிகாரமில்லை.

இரைப்பைச் சுவரில் சிவப்பு மணிகள்

மாதுளை முத்து போல ஒட்டியிருக்கும், தொட்டால் நெளியும். போட்டி (இரைப்பையும் குடலும்) சுத்தம் செய்யும் பெண்கள் அலறிக்கொண்டு அழைப்பார்கள். இரைப்பைப் புழுக்கள்தான், நமக்கு ஒன்றும் செய்யா. சுண்ணாம்பு தேய்த்துச் சுரண்டிக் கழுவுங்கள். மனம் ஒப்பாவிட்டால் போட்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அழைக்கும்போது

வீட்டிலோ கோயிலிலோ வெட்ட என்ன அனுமதி தேவை என்பதைக் கேட்க மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு எப்படியும் முன்கூட்டியே போவீர்கள். அப்போதே விடுமுறை நாளில் யாரை அழைப்பது என்றும் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைத்தால் மூன்று செய்தி போதும்: ஆடு எங்கிருந்து வந்தது, எப்போது அறுத்தீர்கள், எந்த உறுப்பில் என்ன தெரிகிறது. படம் எடுத்தால் உறுப்புக்குப் பக்கத்தில் ஐம்பது காசு நாணயம் வையுங்கள், அளவு தெரியும்.

கால்நடை அலுவலர் வரும்வரை உடலை நிழலில், ஈ மொய்க்காமல் துணி போர்த்தித் தொங்கவிடுங்கள். கழிவு என்று சொல்லிவிட்டால், ஆயிரம் வெள்ளியைத் தாண்டிய கிடாவாக இருந்தாலும், ஆறடிக் குழி, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டத்தில். ஆழம் குறைந்தால் இரவே நாய் தோண்டிவிடும். கத்திகளைத் துடைத்து வைப்பது போதாது. அறுப்புக்கூடத்தில் 82 பாகை வெந்நீரில் முக்குவோம். வீட்டில் கொதிக்கும் நீரை ஒரு பால் டின்னில் ஊற்றி, பிடி வரை மூழ்கும்படி நிறுத்தி வையுங்கள். அடுத்த ஆட்டுக்கு அந்தக் கத்தியை எடுக்கலாம்.